விதிவிலக்கு இல்லாத சர்வர்

மூன்று மாடி கொண்ட அந்த அலுவலகத்தில் அவளுக்கு ரூட்டு மேடம் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலரில் தொடங்கி, மேல் மாடியில் உட்கார்ந்திருக்கும் அலுவலகத் தலைவரான பெரியவர் வரை எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். கடைகளில் இருக்கும் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது அந்த இலாகாவின் வேலை. சுற்றுவட்டார ஊர்களில் எல்லாம் அதற்குக் கிளைகள் உண்டு. எந்த ஊரில் எந்தத் தராசு பொய் சொல்கிறது என்பதைக் கிளைகளிடமிருந்து கம்ப்யூட்டர் வழியாகத் தெரிந்துகொண்டு, அதைக் கோப்பில் போட்டு மூடி வைப்பார்கள்.

கம்ப்யூட்டர் பார்க்கத்தான் கெட்டிக்காரப் பண்டம். இன்ன ஊருக்கு இன்ன வாசல் வழியாகப் போ என்று யாராவது சொல்லி வைக்காவிட்டால் அதற்குப் பக்கத்து ஊர்கூடத் தெரியாது. அப்படிச் சொல்லி வைக்கும் வழிக்குத்தான் ரூட் என்று பெயர். வாசல் மாறினால் ஒவ்வொரு கம்ப்யூட்டரிடமும் போய்ப் பழைய வழியை அழித்துவிட்டுப் புது வழியைச் சொல்ல வேண்டும். இலாகாவோ சிக்கனம் சிக்கனம் என்று இணைப்புக் கம்பெனியை மாற்றிக்கொண்டே இருந்தது. அதனால் ரூட்டு மேடம் மேஜை மேஜையாக ஏறி இறங்கிக்கொண்டே இருந்தாள்.

வழி சொல்லும் வேலை என்னவோ ஒரு நிமிஷத்து வேலைதான். ஆனால் ஒரு மேஜைக்குப் போனால் அத்தனை சுலபத்தில் எழுந்து வர முடியாது. "வந்ததுதான் வந்தீங்க, இந்த எழுத்தைக் கொஞ்சம் பெருசாக்கிட்டுப் போங்க" என்பார் கணக்குப் பிரிவுத் தலைவர். "வந்ததுதான் வந்தீங்க, என் அண்ணன் பொண்ணுக்கு ஒரு வரன் வந்திருக்கு, பையன் கம்ப்யூட்டர் வேலைதானாம், சம்பளம் நெஜமான்னு பாத்துச் சொல்லுங்க" என்பார் தபால் பிரிவு அக்கா. ஒரு தடவை ஒருவர் தன் மேஜையின் ஆடும் காலுக்குக் கீழே அட்டையை மடித்து வைக்கச் சொன்னார். அவள் வைத்தாள். அவள் குனிந்திருக்கும்போதே, "இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளுங்க" என்று அவர் தேநீர் குடித்தபடி வழி சொன்னார்.

இவ்வளவையும் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது வேறு. அவள் கணவர் வேறொரு ஊரில், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். மகளும் அவரோடுதான் இருந்தாள், அங்கேதான் பள்ளிக்கூடம். மகளுக்கு நாலு வயதாக இருந்தபோது, பதவி உயர்வு என்ற பெயரில் இலாகா இவளை மட்டும் தூக்கி இங்கே போட்டது. இப்போது மகளுக்கு ஏழு வயது. மாதத்துக்கு இரண்டு தடவை இவள் போவாள். கதவைத் திறந்ததும் மகள் கேட்கும் முதல் கேள்வி, "எப்பம்மா கிளம்புவே?" போகச் சொல்லி அது கேட்கவில்லை. தபால்காரரிடம் கையெழுத்து எங்கே போடணும் என்று கேட்பதுபோல, ஒரு விவரத்துக்காகக் கேட்டது. பிள்ளை அழுது புரண்டு போகாதே என்று சொல்லியிருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது.

அந்த ஊரிலும் இலாகாவுக்கு ஒரு கிளை இருந்தது. அதில் ஒரு காலி நாற்காலியும் இருந்தது. மாற்றல் கேட்டு அவள் எழுதிப் போட்டாள். "மேலிடம் முடிவு பண்ணணும்மா, என் கையில என்ன இருக்கு" என்றார் பெரியவர். மேலிடத்தில் விசாரித்தால், "உங்க அலுவலகத் தலைவர் பரிந்துரை பண்ணணும்" என்றார்கள். மறுபடியும் பெரியவரிடம் வந்தால், "மேலிடம் கேட்டா பரிந்துரை பண்ணுவேன், கேக்காம எப்படிப் பண்றது?" என்று கையை விரித்தார். இப்படியே அந்தத் தாள் இரண்டு வருஷம் சுற்றிச் சுற்றி வந்தது.

ஒருநாள் பெரியவர் உண்மையான காரணத்தைச் சொன்னார். "நீங்க போயிட்டா இங்க மேஜை மேஜையா யாரு போவாங்க? அதைச் சொல்லுங்க முதல்ல."

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். யாருமே மேஜை மேஜையாகப் போக வேண்டாம் என்று ஆக்கிவிட்டால்? அரைப் பட்டினி கிடந்து, ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்று, ஓர் ஏற்பாடு செய்தாள். கிளைகளுக்குப் போகும் வழி எல்லாவற்றையும் கீழ்த்தளத்து அறையில் இருந்த சர்வர் என்ற பொதுக் கம்ப்யூட்டர் வழியாகத் திருப்பினாள். தினமும் காலையில் அலுவலகம் திறக்கும் நேரத்துக்குச் சர்வரே எல்லாக் கம்ப்யூட்டர்களையும் கூப்பிட்டு, "கிளைக்குப் போகணுமா, என்னைக் கேளு" என்று ஒரே வரியைச் சொல்லிவிடும். வாசல் மாறினால் சர்வரிடம் மட்டும் சொன்னால் போதும். அதையும் எந்த ஊரில் உட்கார்ந்தும் சொல்லலாம்.

சோதனை ஓட்டம் நன்றாகவே போனது. அப்புறம்தான் விதிவிலக்குக் கோரிக்கைகள் வர ஆரம்பித்தன.

கணக்குப் பிரிவுத் தலைவர், தன் பிரிவின் கம்ப்யூட்டர்கள் ரகசியமானவை, பொதுவான வழியில் அவை போகக் கூடாது என்றார். முத்திரைப் பிரிவு, கணக்குக்கு உண்டென்றால் எங்களுக்கும் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது. தபால் பிரிவு அக்காவுக்குக் காரணம் எதுவும் தோன்றவில்லை. "எல்லாருக்கும் குடுத்துட்டு எங்களை மட்டும் விட்டுட்டா நல்லாவா இருக்கும்?" என்றார். பெரியவரின் ஸ்டெனோ வேறு ஒரு நியாயம் சொன்னார். "பெரியவரோட கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டர்கிட்ட போய் வழி கேக்கறதா? நாளைக்கு வெளியில தெரிஞ்சா?"

பெரியவருக்கு அப்போது மேலிடத்திலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. இயக்குநர் அம்மா நேரில் வந்து இந்தப் புது ஏற்பாட்டைப் பார்வையிடப் போகிறார். பெரியவர் உடனே நியாயவானாக மாறினார். சுற்றறிக்கை ஒன்று பறந்தது. யாருக்கும் விதிவிலக்கு கிடையாது, என் மேஜை உட்பட. கடைசி மூன்று சொற்களைத் தடித்த எழுத்தாக்கி, கீழே கோடும் போட்டிருந்தார். இயக்குநர் அம்மா பார்க்கும் திரையில் மேலே கொட்டை எழுத்தில் 'விதிவிலக்கு: இல்லை' என்று வர வேண்டும் என்பது அவர் ஆசை.

அதைச் சரிபார்க்க அவளைக் கூப்பிட்டார். திரையில் 'விதிவிலக்கு: ஒன்று' என்று இருந்தது. பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"இது யாரோட கம்ப்யூட்டர்?"

"அது சர்வர் சார்."

"எந்தப் பிரிவு?"

"பிரிவு எதுவும் இல்ல சார். வழி சொல்றதே அதுதான்."

"பிரிவே இல்லாததுக்குச் சலுகை எதுக்கு? எனக்கே இல்ல."

அவள் பொறுமையாகச் சொன்னாள். "சார், மத்த எல்லாத்துக்கும் 'கிளைக்குப் போகணும்னா சர்வரைக் கேளு'ன்னு சொல்றோம். அதையே சர்வர்கிட்டயும் சொன்னா, அது தன்னைத்தானே கேட்டுக்கிட்டு நிக்கும். ஒரு கிளைக்கும் போக முடியாது."

"அதுக்குத்தான் வழி தெரியுமே?"

"தெரியும் சார். ஆனா நாம புதுசா ஒண்ணு சொல்லிட்டா, தெரிஞ்சதை விட்டுட்டு நாம சொன்னதைத்தான் கேக்கும்."

பெரியவர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, இந்த ஆபீஸ்ல சொன்ன பேச்சைக் கேக்கற ஒரே ஆள் அதுதான். அதைப் போய் விலக்கி வைக்கச் சொல்றீங்க."

அவள் எழுதியும் கொடுத்தாள். அந்தத் தாளின் ஓரத்தில் பச்சை மையில் 'சுற்றறிக்கையைப் பார்க்க' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். கூடவே இன்னொன்றும் சொன்னார். எங்கிருந்து வேண்டுமானாலும் செய்யலாம் என்கிறாளே, இயக்குநர் வரும் நாளில் அவள் அந்த ஊர்க் கிளையில் உட்கார்ந்து இதை இயக்கிக் காட்டட்டும். நன்றாக நடந்தால் மாற்றலைப் பற்றி யோசிக்கலாம். நடக்காவிட்டால், "பாத்தீங்களா, நீங்க இங்க இருந்தாத்தான் சரிவரும்."

சர்வரைச் சேர்த்தால் நடக்காது. சேர்க்காவிட்டால் மேலே 'ஒன்று' என்று வரும், கீழ்ப்படியவில்லை என்று ஆகும். இரண்டு பக்கமும் அடைத்துவிட்டு நடுவில் நிற்க வைத்து, நட என்று சொன்ன மாதிரி இருந்தது. அழக்கூட அவளுக்கு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் சொன்னபடி சர்வரையும் சேர்த்துவிட்டுப் பை கட்டினாள். ஏற்பாடு நாசமாகப் போனாலும் மகளோடு இரண்டு நாள் இருக்கலாம் அல்லவா.

கதவைத் திறந்த மகள் அதே கேள்வியைக் கேட்டாள். "தெரியலடா" என்றாள் இவள். தெரியாது என்ற பதில் அந்தப் பிள்ளைக்குப் புதிது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பையைக் கதவுப் பக்கத்திலேயே, எடுத்துக்கொண்டு போக வசதியாக வைத்தது.

மறுநாள் காலை அவள் கிளை அலுவலகத்தின் காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். கிளைப் பொறுப்பாளர் ஒருவர்தான் அங்கே ஆள். அவர் மேஜை மேலே ஒரு தராசை வைத்துக்கொண்டு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பெரியவரின் அறையில் இயக்குநர் அம்மா வந்து உட்கார்ந்திருப்பது கைபேசியில் கேட்டது. பெரியவர் ஒலிபெருக்கியைப் போட்டிருந்தார்.

"யாருக்கும் விதிவிலக்கு இல்ல மேடம்" என்று பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தார். "என் மேஜை, சர்வர், எதுக்கும் இல்ல. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணு."

"சரி, ஆரம்பிங்க" என்றார் இயக்குநர் அம்மா. அவர் அதிகம் பேசாதவர்.

ரூட்டு மேடம் பொத்தானை அழுத்தினாள். கணக்குப் பிரிவு பச்சையானது. முத்திரைப் பிரிவு, தபால் பிரிவு, பெரியவரின் மேஜை, ஒவ்வொன்றாகப் பச்சையானது. அந்தப் பக்கம் யாரோ கைதட்டினார்கள். கடைசி வரியில் சர்வரும் பச்சையானது. அதோடு அவள் திரை அப்படியே உறைந்து நின்றது.

"சக்சஸ் மேடம்" என்று பெரியவரின் குரல் கேட்டது. "எல்லாம் பச்சை. விதிவிலக்கு இல்லை, பாருங்க."

"நல்லது. ஏதாவது ஒரு கிளையோட பதிவேட்டைக் காட்டுங்க."

கொஞ்ச நேரம் ஸ்டெனோ மவுஸைத் தட்டும் சத்தம். அப்புறம் வேகமாகத் தட்டும் சத்தம். அப்புறம் வேறொரு கிளையைப் பார்க்கலாம் என்று பெரியவர் சொல்வது. அப்புறம் கணக்குப் பிரிவுத் தலைவர் உள்ளே வந்து, எங்கள் பிரிவில் ஒரு கிளையும் வரவில்லை என்று மூச்சு வாங்கச் சொல்வது. முத்திரைப் பிரிவும் தபால் அக்காவும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். பெரியவர் சொன்னது சரிதான், யாருக்கும் விதிவிலக்கு இல்லை.

"அம்மா, என்ன ஆச்சு?" பெரியவரின் குரலில் சுருதி இறங்கியிருந்தது.

"சர்வர் தன்னைத்தானே வழி கேட்டுக்கிட்டு நிக்குது சார்."

"அதைச் சரி பண்ணுங்க."

"இங்கேருந்து முடியாது சார். அதுக்கு இந்த ஊருக்கு வழி தெரிஞ்சாத்தானே நான் அதுகிட்டப் பேச முடியும்? சர்வர் ரூமுக்குள்ள போய் ஒரு வரி அடிக்கணும்."

"அப்ப உடனே கிளம்பி வாங்க." பெரியவருக்கு உயிர் திரும்பி வந்தது. இயக்குநரிடம் திரும்பி, "இதுக்குத்தான் மேடம், இவங்க இங்கயே இருக்கணும்னு நான் சொல்றது" என்று பூசி மெழுகுவதும் கேட்டது.

ரூட்டு மேடம் மனசுக்குள் கணக்குப் போட்டாள். கிளம்பினால் முடிந்தது கதை. இனிமேல் எந்தக் காலத்திலும் அந்த நாற்காலியில் உட்கார முடியாது. கதவுப் பக்கத்தில் வைத்த பை கண்ணுக்குள் நின்றது. அவள் குரலைச் சீராக்கிக்கொண்டாள்.

"வரேன் சார். ஆனா நான் வந்து சேர நாளைக்கு ஆயிடும். அதுவரைக்கும் மேடம் காத்திருக்கணும். ஒரே வரிதான் சார். நீங்களே அடிச்சிடலாம்."

"நானா?"

"வேற யார் சார் அடிக்க முடியும்? சர்வர் ரூம் சாவி உங்ககிட்டதானே இருக்கு. வேற யாரும் உள்ள போகக் கூடாதுன்னு சுற்றறிக்கை இருக்கே."

அந்தப் பக்கம் இயக்குநர் அம்மாவின் குரல் வந்தது. "வாங்க, போய்ப் பாக்கலாம்."

பெரியவர் பத்து வருஷமாகக் கம்ப்யூட்டரில் கைவைத்ததில்லை. கடிதங்களை ஸ்டெனோ அடிப்பார், பெரியவர் அச்செடுத்துப் படித்துத் திருத்துவார். சர்வர் அறைக்குள் போனதும் அவர் முதலில் சொன்னது, "ரொம்பக் குளிருதே."

"உக்காருங்க சார். நான் ஒவ்வொரு எழுத்தா சொல்றேன். முதல்ல ஆர்."

"பெரிய ஆரா, சின்ன ஆரா?"

"எதுன்னாலும் பரவாயில்ல சார்."

"அப்ப பெருசாவே போடறேன்."

எழுத்து எழுத்தாக, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடித் தேடி அடித்தார். நடுவில் இடம் விட வேண்டும் என்றபோது, எவ்வளவு இடம் என்று கேட்டார். 'டெலீட்' என்ற சொல்லை அவள் சொன்னதும் கை நின்றுவிட்டது.

"அழிக்கறதா? எதை அழிக்கறோம்?"

"சர்வருக்கு இன்னைக்குச் சொன்ன வழியை மட்டும் சார். எல்லாருக்கும் சொன்னது அப்படியே இருக்கும்."

"சுற்றறிக்கைக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாது சார்."

அவர் அடித்து முடித்தார். "கடைசியா அந்தப் பெரிய பொத்தானை அமுக்குங்க சார்" என்றாள். அமுக்கினார்.

அவள் திரை அசைந்தது. உறைந்து நின்ற வரிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. அந்தப் பக்கம் மாடியிலிருந்து, "வந்துடுச்சு" என்று யாரோ கத்தினார்கள்.

"வந்துடுச்சு" என்றார் பெரியவரும். அந்த ஒரு சொல்லில் அவருக்கு இருபது வயது குறைந்திருந்தது. "மேடம், பாத்தீங்களா, நானே சரி பண்ணிட்டேன். மூணு மாடியும் ஒரே அடியில. இதுல ஒண்ணுமே இல்ல மேடம். எங்க அடிக்கணும்னு தெரிஞ்சா போதும்."

"அப்போ சர்வர் பக்கத்துல அவங்க இருக்கணும்னு அவசியம் இல்ல?"

"அவசியமே இல்ல மேடம். நான் இருக்கேனே." சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் சுற்றிலும் பிரிவுத் தலைவர்கள் நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இல்லை, அவள் இங்கேதான் இருக்க வேண்டும் என்று திருத்திச் சொல்ல அந்த நேரத்தில் யாரால் முடியும்?

"அவங்க மாற்றல் மனு ரெண்டு வருஷமா சுத்திக்கிட்டிருக்கே, ஏன்?"

பெரியவர் மென்று விழுங்கினார். "பரிந்துரை பண்ணத்தான் மேடம் நினைச்சிட்டிருந்தேன். நீங்க கேக்கணும்னு காத்திட்டிருந்தேன்."

"கேட்டாச்சு."

கைபேசி அணைந்தது. கிளைப் பொறுப்பாளர் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தார். அவள் மேஜை மேல் இருந்த தராசில் கையை ஊன்றிக்கொண்டு எழுந்தாள். தட்டு ஒருபக்கமாகச் சாய்ந்தது. "எடை போட்டுட்டிருக்கேன்மா" என்றார் அவர், மெதுவாக.

சாயங்காலம் அவள் பெரியவரைக் கூப்பிட்டாள். நாளைக் காலையில் அலுவலகம் திறக்கும்போது சர்வர் மறுபடியும் எல்லாருக்கும் வழி சொல்லும், சுற்றறிக்கைப்படி தனக்கும் சொல்லிக்கொள்ளும், மறுபடியும் நிற்கும். சர்வரை மட்டும் விலக்கி வைத்தால் போதும், இங்கிருந்தே ஒரு டிக் போட்டு முடித்துவிடுவேன் என்றாள்.

"அது முடியாதும்மா" என்றார் பெரியவர். "மேடம் முன்னால விதிவிலக்கு இல்லைன்னு சொல்லியிருக்கேன். நான் கையெழுத்துப் போட்டதை நானே அடிக்க முடியுமா? நின்னா நிக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். இப்போது ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தினமும் காலையில் அலுவலகம் திறக்கிறது, எல்லாக் கம்ப்யூட்டர்களும் பச்சையாகின்றன, எல்லாக் கிளைகளும் அறுந்து போகின்றன. பெரியவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்குகிறார். குளிருக்கென்று ஒரு கம்பளிச் சட்டை வாங்கி வைத்திருக்கிறார். ஸ்டெனோ கதவருகே நிற்பார், உள்ளே வர அனுமதி இல்லை. பெரியவர் அந்த ஒரு வரியைப் பார்க்காமலே அடிப்பார், முதல் ஆர் மட்டும் இன்னும் பெரியதுதான். மூன்று மாடியும் உயிர் பெறும். மேலே ஏறி வரும்போது பிரிவுத் தலைவர்கள் எழுந்து நிற்கிறார்கள். தபால் பிரிவு அக்கா, "சார் இல்லைன்னா இந்த ஆபீஸே இல்ல" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்கிறார். காய்ச்சல் வந்த அன்றும் பெரியவர் வந்தார் என்று கேள்வி. இரண்டு வருஷமாகப் பதினோரு மணிக்கு வந்துகொண்டிருந்தவர் இப்போது எட்டு மணிக்கே வந்துவிடுகிறார்.

மாற்றலாகி வந்த ரூட்டு மேடம் அந்த ஊர்க் கிளையில்தான் இருக்கிறாள். காலையில் மகளுக்குப் பின்னல் போடும்போது கைபேசி பக்கத்தில் கிடக்கும். கிளைகள் அறுந்ததும் ஒரு சிவப்புப் புள்ளி வரும். இரண்டாவது பின்னலை முடிப்பதற்குள் அது பச்சையாக மாறிவிடும்.

அந்த டிக்கை அவள் போட்டிருக்கலாம். யார் கண்ணிலும் படாமல் போட்டிருக்கலாம். நேர்மையான ஆளாக இருந்தால் போட்டுத்தான் இருக்க வேண்டும் என்றும் சில நாள் தோன்றும். ஆனால் அந்தப் புள்ளி சிவப்பாகவே வராமல் போனால் பெரியவருக்குக் காலையில் வேலை இருக்காது. வேலை இல்லாவிட்டால் யோசிப்பார். யோசித்தால் ஆட்களை எங்கே மாற்றலாம் என்றுதான் யோசிப்பார். அந்த ஆபத்தான யோசனைக்கு அவருக்கு நேரம் கொடுக்க இவளுக்கு மனசு வரவில்லை.

ஒருநாள் மகள் அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டு, "யாரும்மா அது, தினமும் பச்சையாக்கறது?" என்று கேட்டாள்.

"அம்மா இங்க இருக்கறதுக்காக ஒருத்தர் அங்க வேலை செய்யறார்டா."

"அவர் எப்ப கிளம்புவார்?"

ரூட்டு மேடம் ரிப்பனை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"அவர் கிளம்ப மாட்டார். அவருக்கு விதிவிலக்கு கிடையாது."